வெட்டுப்பட்டவர்களின் நாற்காலிகள்

கொண்டல்சாமி அந்த வருஷத்து ஆட்டங்களையெல்லாம் முடித்துக்கொண்டு, கோவாவிலிருந்து ரயில் மாறி ரயில் மாறிக் கோவில்பட்டியில் இறங்கி, ஆட்டோக்காரனோடு மல்லுக்கட்டி, ஆவணியிலிருந்து பூட்டிக் கிடந்த தன் வீட்டு முன்னால் வந்து நின்றபோது, அவனுக்கு முந்தியே நாற்காலிகள் வந்து நின்றுகொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை. அவன் வாசலில் தொடங்கி, அடுத்த வீட்டு மாடத்தி அக்கா வாசல், தையல்காரர் வாசல், அதையும் தாண்டிப் பைப்படி வரைக்கும் வரிசை பிடித்து நின்றன. உயர்ந்த முதுகும் சிவப்பு மெத்தையும் பித்தளை ஆணியும் வைத்த, ஜமீன்தார் உட்கார்ந்து கால்மேல் கால் போடுகிற ரகம். லாரி வந்ததை யாரும் பார்க்கவில்லை, இறக்கிவைத்த ஆளும் இல்லை. ஊர் படுக்கப்போகும்போது தெரு வெறுந்தெருவாக இருந்தது, விடிந்து கதவைத் திறந்தால் நாற்காலிகள் இருந்தன, அவ்வளவுதான்.

தெருக்காரர்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, ஆத்திரம்தான் இருந்தது. என்றைக்கோ ஒருநாள் வருகிற தண்ணி லாரி அன்றைக்குப் பார்த்து வந்து, நுழைய வழியில்லாமல் ஆரனை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

“ஏந்தம்பி கொண்டலு, சாமான் வருதுன்னா போன்ல ஒரு வார்த்தை சொல்லப்படாதா? குடத்தைத் தூக்கிக்கிட்டு இப்ப நான் எங்க போய் நிக்க?” என்று மாடத்தி அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். கடலை மிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் கட்டுகிறவள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம்.

“நான் வரச்சொல்லலக்கா. அதுவா வந்திருக்கு.”

“அதுவா வந்தா அதுவா ஓரமா நிக்கணும்லா?”

நியாயம்தானே. கொண்டல்சாமி பையைக்கூடத் திறக்காமல், ஒவ்வொன்றாகத் தூக்கி வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தான். நாலாவது நாற்காலியைத் தூக்கும்போதே அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவை நின்ற வரிசை அவனுக்கு மனப்பாடமான வரிசை. ஆவணியில் அவன் வெட்டிய சர்தார்ஜி முதலில், அதற்கடுத்து அந்த ஹைதராபாத் பல் டாக்டர், அதற்கடுத்துத் தொப்பியைக் கழற்றாமலே ஆடிய பெங்களூர்ப் பையன் என்று, அந்த சீசனில் எவனெவனை மேஜையைவிட்டு எழுப்பினானோ அவனவன் உட்கார்ந்திருந்த நாற்காலி, எழுப்பிய வரிசையில்.

வெட்டுவது என்றால் கத்தியெடுத்து வெட்டுவதில்லை, பயப்படாதீர்கள். போக்கர் ஆட்டத்துப் போட்டிகளில் எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ் கொடுத்து உட்காரவைப்பார்கள். வண்ண வண்ணப் பிளாஸ்டிக் வில்லைகள்தான் சிப்ஸ். அது தீர்ந்தவன் எழுந்து போய்விட வேண்டும். கெஞ்ச முடியாது, கடன் கேட்க முடியாது. கடைசி வில்லை யார் கைக்குப் போனதோ அவன் இவனை வெட்டினான் என்று பேச்சு. கொண்டல்சாமிக்கு இதுதான் பிழைப்பு. ஊர்க்காரர்கள் சீட்டாடிப் பிழைக்கிறவன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து பெண் கொடுக்க வந்தவர்கள் எல்லாம் காபியைக்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய், அவனுக்கும் காதோரம் நரைத்து, மை தடவுகிற வயசு வந்துவிட்டது. சீசன் தொடங்கினால் லாட்ஜ் லாட்ஜாகக் கிடப்பான். ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் மற்றவர்கள் வீட்டுக்குப் போய் வருவார்கள், இவன் போகமாட்டான். யார் இருக்கிறார்கள் போவதற்கு? வீட்டில் ஆள் இருந்தால்தானே வருகிறதும் வரும். அதனால்தான் இவனுடைய நாற்காலிகள் சீசன் முடிகிறவரைக்கும் எங்கேயோ காத்திருந்து, அவன் திரும்புகிற நாள் பார்த்து மொத்தமாக வந்து நின்றன.

முதலில் வயிறெரிந்தவர் இருளப்பன். பந்தல், சேர், டியூப்லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். கொட்டகைக்குள் வந்து, மெத்தையை அமுக்கிப் பார்த்து, பித்தளை ஆணியைத் தடவிப் பார்த்து, “ஏன்டா சாமி, என் வாயில மண்ணைப் போடவா இம்புட்டும் கொண்டாந்திருக்க?” என்றார்.

“நீங்களே எடுத்துக்கிட்டுப் போய் விசேஷங்களுக்குப் போடுங்கண்ணே. எனக்கு எதுக்கு இத்தனை? நான் ஒருத்தன் ஒண்ணுலதான் உட்கார முடியும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொன்ன பிறகு அந்த வாக்கியம் கொட்டகைக்குள்ளேயே கொஞ்சநேரம் நின்றது.

நாற்காலிகளுக்குள் ஆள் இருப்பது மாடத்தி அக்காவுக்குத்தான் முதலில் தெரிந்தது. முருங்கைக்கீரை உருவுவதற்கு ஒன்றில் போய் உட்கார்ந்தவள், கொத்தைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “பாவம் தம்பி இந்தாளு. ரெண்டு ராணி வச்சிருந்தும் போச்சு. பொண்டாட்டிகிட்டத் தலைவலின்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கான். தோத்ததுகூடப் பெரிசில்ல, இப்பத் திரும்பிப் போயி தலைவலி சரியாயிட்டான்னு அவ கேட்டா என்ன சொல்லன்னுதான் கலங்குதான்.” அக்காவுக்கு ராணி எது, ராஜா எது என்று தெரியாது, ஜென்மத்தில் சீட்டைத் தொட்டதில்லை. யார் உட்கார்ந்தாலும், வெட்டுப்பட்ட அந்த நிமிஷத்தில் அந்த ஆளுக்குள் என்ன ஓடியதோ அது முழுக்க அவர்களுக்குள் ஓடியது. எழுந்தால் நின்றுவிடும்.

இதை வைத்துக்கொண்டு ஊர் சும்மா இருக்குமா? சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் முகூர்த்தம் முகூர்த்தமாக நாற்காலிகள் போய்வந்தன, போய்வந்ததில் எதெது எதற்கு ஆகும் என்று ஊருக்கு அத்துப்படியாகிவிட்டது. பசியோடு ஆடித் தோற்றவனின் நாற்காலியில் சோறு இறங்காத பிள்ளைகளை உட்காரவைத்தார்கள், தட்டை வழித்து நக்கிவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்டன. கல்யாணமான புதுசில் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டே சீட்டைக் கோட்டைவிட்ட ஒருவனின் நாற்காலி மணமேடைக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதில் கிழடு கட்டைகள் உட்காரக் கூடாது என்று இருளப்பனே ஒரு சட்டம் போட்டு, அவரே ஒரு மத்தியானம் உட்கார்ந்து பிடிபட்டார். ஆட்டத்துக்கு நடுவில் அம்மா செத்த செய்தி வந்தும் எழுந்து போகாமல் இருந்தவன் ஒருவன்; அவனுடைய நாற்காலியைத் துட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அழுகை வராமல் கல்லாக இருந்த பிள்ளைகள் அதில் உட்கார்ந்து மடை திறந்த மாதிரி அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ஆகவேண்டியதைப் பார்த்தார்கள். அந்த நாற்காலிக்கு வாடகை வாங்கக் கூடாது என்று இருளப்பன் சொல்லிவிட்டார்.

ஒன்றே ஒன்றை மட்டும் கொண்டல்சாமி யாருக்கும் கொடுக்கவில்லை. வரிசையில் கடைசியாக வந்தது. அதைக் கொட்டகையில் போடாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து, மேலே போர்வையைப் போர்த்தி, மூலையில் வைத்திருந்தான். போர்வைக்கு வெளியேயும் கிராம்பு மணம் அடித்தது.

“அதுல என்ன தம்பி இருக்கு?”

“அதுல செல்வின் இருக்கான்க்கா.”

செல்வின் நாகர்கோவில்காரன். மலையில் பாட்டன் வைத்த கிராம்புத் தோட்டம் உண்டு, வீட்டில் ஷீபா என்று கண்டிப்பான பெண்டாட்டி உண்டு, இரண்டையும் விட்டுவிட்டுச் சீட்டுக்கு வந்தவன். பீடியை விட்ட நாளிலிருந்து வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பான். ஒரே லாட்ஜ் அறை, ஒரே ரயில் பெட்டி, ஒரே தட்டில் இட்லி என்று வருஷக்கணக்காக இரண்டு பேரும் ஒன்றாகவே அலைந்தார்கள். ஆனால் மேஜையில் உட்கார்ந்தால் நண்பன் கிண்பன் ஒன்றும் கிடையாது, கிடையாது என்பதுதான் இந்தத் தொழிலின் தர்மம். அந்தத் தர்மத்தால் சிநேகிதம் முறிந்துவிடக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவனை ஒருவன் வெட்டினால், வெட்டினவன்தான் இரண்டு டீ சொல்ல வேண்டும், வெட்டினவன்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். வெட்டுப்பட்டவன் அதுவரைக்கும் பேசக் கூடாது. தோற்றவன் முதலில் பேசினால் அது அழுகையாகவோ வசவாகவோ வந்துவிடும் என்று செல்வின்தான் கண்டுபிடித்தான்.

பங்குனிக் கடைசியில், சீசனின் பெரிய ஆட்டத்தில், எல்லோரும் எழுந்துபோய் மேஜையில் மிச்சம் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். செல்வின் இருந்த சிப்ஸ் அத்தனையையும் நடுவில் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். கொண்டல்சாமி அவன் கன்னத்தைப் பார்த்தான். செல்வினுக்கே தெரியாத ஒரு சங்கதி கொண்டல்சாமிக்குத் தெரியும்: கையில் நல்ல சீட்டு இருந்தால் கிராம்பு இடது கன்னத்தில் கிடக்கும், பொய்யாட்டம் ஆடினால் வலது கன்னத்துக்குப் போய்விடும். இத்தனை வருஷத்தில் அவனிடம் அதைச் சொன்னதுமில்லை, அவனுக்கெதிராக அதை உபயோகித்ததுமில்லை. அன்றைக்குக் கிராம்பு மெல்ல இடம் மாறி வலது கன்னத்தில் புடைத்தது. கொண்டல்சாமி வெட்டினான். செல்வின் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு எழுந்து போனான்.

அந்தச் சிரிப்புத்தான் இவனைக் கொன்றது. தூங்குகிறவன் மடியில் கைவைத்த திருட்டுப் பயல் மாதிரி ஆகிவிட்டதே என்று கூசிப்போய், கோப்பையோடு படம் பிடிக்கக் கூப்பிட்டவர்களிடம் பல்லைக் காட்டிவிட்டு, டீயும் சொல்லாமல், அவன் முகத்திலும் விழிக்காமல், நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். அதன் பிறகு செல்வினிடமிருந்து ஒரு போன் இல்லை. வழக்கப்படி அவன் பேசக் கூடாதுதான். ஆனாலும், வழக்கம் எல்லாம் யோக்கியமாக வெட்டுகிறவனுக்கு, நமக்கு ஏது வழக்கம், அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், இனிமேல் பேசமாட்டான் என்றே கொண்டல்சாமி முடிவுகட்டிக்கொண்டான்.

ஆடி பிறந்தது. ஆடியில் விசேஷம் ஏது? போன நாற்காலிகள் எல்லாம் கொட்டகைக்குத் திரும்பி வந்துவிட்டன, அவற்றைத் தேடி வந்த ஜனங்களும் நின்றுவிட்டார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். கொட்டகைத் தகரம் பகலெல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டு கிடந்தது. ஆவணியில் அடுத்த சீசன். ஒவ்வொரு ஆடியிலும் கொண்டல்சாமிக்கு ஒரு வேலை உண்டு, கழிந்த சீசனைத் திருப்பிப் பார்ப்பது. எந்த ஆட்டத்தில் எதற்காக ஜெயித்தோம், எதற்காகத் தோற்றோம், எதிரி கவிழ்த்துவைத்த சீட்டு என்னவாக இருந்திருக்கும் என்று கண்ணை மூடி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பான். முன்னெல்லாம் ஊகம்தான். இந்த வருஷம் ஊகம் எதற்கு? நாற்காலி நாற்காலியாகப் போய் உட்கார்ந்தால் போதும், உலகத்தில் எந்த ஆட்டக்காரனுக்கும் கிடைக்காத கொடுப்பினை.

உட்கார்ந்தான். உட்கார உட்கார முகம் சுண்டிப் போய்விட்டது.

சர்தார்ஜியை மடக்கியது தன் மூளை என்று இவன் மார்தட்டிக்கொண்டிருந்தான். சர்தார்ஜிக்குக் கடைவாய்ப் பல் குத்திக் குத்தி வலித்ததில் எப்படா எழுந்து போவோம் என்று இருந்திருக்கிறது. பல் டாக்டரோ ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கண்ணை மூடிக்கொண்டு சிப்ஸைத் தள்ளியிருக்கிறார். தான் பயமுறுத்திப் பணியவைத்ததாக நினைத்த பெங்களூர்ப் பையன் சீட்டையே சரியாகப் பார்க்கவில்லை, ஹார்ட்டின் சீட்டை டைமண்ட் என்று நினைத்துவிட்டான். சாமர்த்தியம் என்று இவன் கணக்கு வைத்திருந்ததில் முக்கால்வாசி குருட்டு அதிர்ஷ்டம். சரி, போகட்டும், தொழில் என்றால் அப்படித்தான் என்று அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது வேறொன்று. அத்தனை நாற்காலியிலும் உட்கார்ந்து தேடிப் பார்த்தும், ஒருவனுக்குள்ளேயாவது இவன் இல்லை.

இவன் அவர்களை எப்படிப் பார்த்திருக்கிறான்! கண் இமைப்பதை, தொண்டை எச்சில் விழுங்குவதை, மோதிரத்தைத் திருகுவதை, பெற்ற தாய்கூடப் பிள்ளையை அத்தனை உற்றுப் பார்த்திருக்கமாட்டாள். அவர்களுக்கோ எதிரே இருந்தது ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு சட்டை, சீட்டைப் பிடித்த இரண்டு கை. ஒருவன் மனசில் இவன் பெயர் ‘அந்த மதராஸி’. இன்னொருவன் மனசில் அதுகூட இல்லை. கொட்டகை நிறைய ஆட்களின் மனசை அடுக்கிவைத்துக்கொண்டு, அதில் எதிலும் தான் இல்லாமல் கொண்டல்சாமி நடுவில் நின்றான். அன்றைக்கு அவன் உலை வைக்கவில்லை. மாடத்தி அக்கா கொண்டுவந்து வைத்த குழம்பும் மூடியபடியே இருந்தது.

அப்படி இருந்த ஒரு பகலில்தான் போன் அடித்தது. தெரியாத நம்பர். விஜயவாடாவிலிருந்து ஒரு பெரியவர், தெலுங்கில் பேசினார். கொண்டல்சாமிக்கு வீட்டுப் பாஷை தெலுங்குதான், அதனால் புரிந்தது. கார்த்திகை மாத ஆட்டத்தில் இவனை வெட்டிய ஒரு பொடியனின் தகப்பனார் அவர். மகன் வீட்டுக்கு வந்த மறுநாள் ஒரு சிவப்பு நாற்காலி வந்து நின்றதாம். தினமும் அதில் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறாராம்.

“ஒன்றுமில்லையப்பா,” என்றார். “சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் உன்னிடம் யாராவது இதைக் கேட்க வேண்டும்போல இருக்கிறது.”

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வைத்தான். வைத்த பிறகுதான் உறைத்தது. தான் வெட்டுப்பட்ட நாற்காலிகளும் போயிருக்கின்றன, வெட்டினவர்கள் வீடுகளுக்கு. அவற்றில் தான் இருக்கிறோம், ஒளிவுமறைவில்லாமல், யாரோ உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். அப்படியென்றால், அட கடவுளே, ஆவணி முதல் ஆட்டத்தில் செல்வின் தன்னை வெட்டினானே!

அந்த ஆட்டத்தைத்தான் அவன் ஒருநாளும் திருப்பிப் பார்ப்பதில்லை. அதற்குப் போகிற ரயிலில் செல்வின் சொல்லிக்கொண்டு வந்தான்: “ஷீபா ஒரே முடிவா சொல்லிட்டா மக்கா. முதல் ஆட்டத்துலயே தோத்துட்டு வந்தீருன்னா இனி தோட்டத்தைப் பாத்துக்கிட்டு வீட்டுல கெடயும்னு.” அன்றைக்கு செல்வின் சிப்ஸை எல்லாம் தள்ளியபோது கிராம்பு இடது கன்னத்தில், அசையாமல் கிடந்தது. உண்மையான சீட்டு. கொண்டல்சாமி கையில் இருந்தது வெறும் குப்பை. தெரிந்தே தன் சிப்ஸையும் தள்ளி, தெரிந்தே வெட்டுப்பட்டு எழுந்தான். கொண்டலுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். சிநேகிதன் குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, செல்வின் வாங்கித்தந்த டீயையும் குடித்தான். ஆனால் நாற்காலி அப்படிச் சொல்லியிருக்காது. நாற்காலிக்கு முகதாட்சண்யம் ஏது? இவன் போய்விட்டால் லாட்ஜ் அறையில் எதிர்க்கட்டில் காலியாகக் கிடக்குமே, ரயிலில் யார் வருவார்கள், யாரோடு சாப்பிடுவேன், ஐயோ இவன் போய்விடக் கூடாதே என்று உள்ளே கிடந்து கதறியதைத்தான் சொல்லியிருக்கும். செல்வின் ஆட்டத்துக்கு ஆட்டம் வீட்டுக்குப் போகிறவன். அந்த நாற்காலி ஆவணியிலேயே நாகர்கோவில் போய்ச் சேர்ந்திருக்கும். ஆவணியிலேயே அவனுக்குக் கிராம்பு ரகசியம் தெரியும். எல்லாமே தெரியும்.

தெரிந்துகொண்டு ஒரு சீசன் முழுக்கக் கூடவே ஒரே அறையில் படுத்துக் கிடந்தானா? தெரிந்துகொண்டேவா கடைசி ஆட்டத்தில் கிராம்பை வலது கன்னத்துக்குத் தள்ளினான்? எதற்கு?

கொண்டல்சாமி போர்வையை உருவினான். வருவது வரட்டும் என்று உட்கார்ந்தான்.

முதலில் இடது கன்னத்தில் சுரீரென்று கிராம்புக் காரம். அப்புறம் மேஜை. மேஜைக்கு எதிரே ஒரு ஆள். மூக்குக்கண்ணாடி இறங்கி மூக்கு நுனியில் நிற்கிறது. ஏற்றிவிடவும் மறந்து உட்கார்ந்திருக்கிறான். காதோரம் மை திட்டுத்திட்டாக இருக்கிறது, அந்த இடத்துக்குக் கண்ணாடியில் பார்வை எட்டாது, வீட்டில் ஒரு ஆள் இருந்தால் சொல்லியிருக்கும். வெள்ளைச் சட்டையில் இரண்டாவது பட்டன் நீல நூலில் தைத்திருக்கிறது. லாட்ஜில் கிடைத்த நூல், அவனே தைத்தது, கோணல். அத்தனை நாற்காலியிலும் தேடிக் கிடைக்காத தன்னை இந்த நாற்காலியில் கொண்டல்சாமி பார்த்தான். ஒருவன் தன்னை இத்தனை நுணுக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது அவனுக்கு இந்த வயசில், இந்த ஆடியில்தான் தெரிந்தது.

உள்ளே செல்வினின் மனசு ஓடியது: ‘இந்தப் பய எனக்குப் பிச்சை போட்டுட்டான். ஒத்தையில கெடக்கப் பயந்து பிச்சை போட்டான். போடட்டு, அது போட்டும். ஆனா இனியும் போட்டான்னா, நாங்க ரெண்டு பேரும் ஆடுனது ஒண்ணுகூட ஆட்டமே இல்ல. இந்தா, பொய்யின்னு நானே காட்டுதேன், பாரு.’ நாக்கு கிராம்பை வலது கன்னத்துக்குத் தள்ளியது. ‘பாத்தியா? பாத்துட்டான். வெட்டுலே மக்கா. விட்டுராத. நான் எங்கயும் போமாட்டேன், வெட்டு.’ எதிரே இருந்தவன் சிப்ஸைத் தள்ளினான். அவ்வளவுதான், உள்ளே பொங்கிக்கொண்டு வந்தது சந்தோஷம். கள்ளம் கபடமில்லாத, சின்னப் பிள்ளைச் சந்தோஷம். அதுதான் அந்தச் சிரிப்பு. எழுந்திருக்கும்போது கடைசியாக ஒரே ஒரு நினைப்பு. ‘டீ சொல்லுவான்.’

கொண்டல்சாமி வாய்விட்டு அழுதான். யாருக்கும் பயந்து அடக்கிக்கொள்ளவில்லை, தகரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவும் இல்லை. அழுது முடித்து, அந்த நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு, காற்றில் தள்ளாடித் தள்ளாடி, முக்கில் இருந்த டீக்கடைக்குப் போனான். தெருவே பார்த்தது. இருளப்பன் பந்தல் கயிற்றைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார். நாற்காலியை மேஜைக்கு ஒரு பக்கம் போட்டுவிட்டு, எதிரே கடைக்காரருடைய முக்காலியில் தான் உட்கார்ந்தான்.

“அண்ணாச்சி, ரெண்டு டீ.”

டீ வந்து மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் நம்பரைப் போட்டான். அந்தப் பக்கம் எடுத்தார்கள். சத்தமே இல்லை. வெட்டுப்பட்டவன் பேசக் கூடாது. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் பேசாதவன் இப்போதும் பேசவில்லை. கிராம்பைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“ரெண்டு டீ சொல்லிட்டேன்டா,” என்றான் கொண்டல்சாமி.

“சீனி கம்மியா சொன்னியாலே?”

“சொல்ல மறந்துட்டேன்.”

“மறப்ப, மறப்ப. அன்னைக்கு எதுத்தாப்புல டீக்கடையில கடைய அடைக்கது வரைக்கும் நின்னேன், தெரியுமா? இவன் வருவான், இவன் வருவான்னு. இங்க ஷீபா, போன் பண்ணித் தொலையுமேன்னு தெனமும் சண்டை. எப்பிடிப் பண்ணுவேன்? வெட்டுனது நீயில்லா?” மூச்சு வாங்கிக்கொண்டான். “அந்த முதல் ஆட்டத்துக்கு உன்னைச் செருப்பால அடிக்கணும் மக்கா. அது தனிக் கணக்கு.”

“வந்து அடி.”

“வராம? பஸ்ஸு மேல உன் நாற்காலியையும் போட்டுக் கொண்டாறேன். நீயே வச்சுக்க. அவ அதுல உக்காந்து உக்காந்து அழுது கண்ணு வீங்கிப் போச்சு. அந்த அண்ணனை ஏன் தனியா விட்டீருன்னு என்னப் போட்டு ஏசுதா. அது கெடக்கட்டும், உனக்குச் சோறு கட்டிக்கிட்டிருக்கா இப்ப.”

“டீ ஆறிப்போயிரும்டா.”

“ஆறட்டும். ஆறுன டீய எத்தன ஸ்டேஷன்ல குடிச்சிருக்கோம்.”

போன் அணைந்தது. நாகர்கோவிலிலிருந்து பஸ் வர எப்படியும் சாயங்காலம் ஆகும். கொண்டல்சாமி தன் டீயைக் குடித்தான். எதிர் டீ அப்படியே இருந்தது, மேலே ஆடை படிந்தது, ஆடிக் காற்று தூசியைக் கொண்டுவந்தபோது ஒரு தட்டை எடுத்து மூடினான். பேப்பர் படிக்க வந்தவர்கள் அந்த நாற்காலியில் உட்காரப் போனபோதெல்லாம் இருளப்பன், “அங்க ஆள் இருக்குப்பா, இந்தப் பக்கம் உட்காரு,” என்று விரட்டிவிட்டார். என்ன ஏது என்று அவரும் கேட்கவில்லை. மாடத்தி அக்கா வேலை முடிந்து வரும்போது ஒரு பொட்டலம் கடலை மிட்டாயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

வெயில் தாழ்ந்தது. கடைக்காரர் கிளாஸ் கழுவ வந்தார். மூடியிருந்த தட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏப்பா, இது பச்சைத்தண்ணி கணக்கா கெடக்கே. கீழ ஊத்திரவா?”

“வேண்டாம் அண்ணாச்சி,” என்றான் கொண்டல்சாமி. “இருக்கட்டும். ஆள் வருது.”